கையில் காயம் என்றால் உடற்பயிற்சியை அடியோடு நிறுத்த வேண்டுமா? எதைத் தொடரலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும்?

புது டெல்லி: 2020ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், தென்னாப்பிரிக்காவின் பொட்செஃப்ஸ்ட்ரூம் நகரில் நடைபெற்ற தடகளப் போட்டியில் இந்திய ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா 87.86 மீட்டர் தூரம் எறிந்து டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றார். 2019 மே மாதம் வலது முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், அந்த ஆண்டு தோஹாவில் நடைபெற்ற உலக சாம்பியன்ஷிப் போட்டியில் பங்கேற்க முடியாமல் போயிருந்தது.

2024 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடைபெற்ற டைமண்ட் லீக் இறுதிப் போட்டியிலும் அவர் எறிந்த தூரம் அதே 87.86 மீட்டர்தான். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் பயிற்சியின்போது இடது கையின் நான்காவது உள்ளங்கை எலும்பு முறிந்ததாகவும், தமது குழுவினரின் உதவியுடன் களமிறங்கியதாகவும் பின்னர் எக்ஸ்ரே படத்துடன் அவரே தெரிவித்தார்.

ஒரே வீரர், ஒரே தூரம். ஆனால் காயங்கள் இரண்டு, முடிவுகளும் இரண்டு. ஈட்டியை எறியும் கையின் மூட்டு பழுதுபட்டபோது மாதக்கணக்கில் காத்திருந்தார். எறியாத கையில் எலும்பு முறிந்தபோது சில நாட்களிலேயே போட்டியிட்டார். கையில் காயம் என்ற ஒற்றை வரியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதை இது காட்டுகிறது. எந்தக் கை, எந்தப் பகுதி, அதன் வழியே எவ்வளவு சுமை செல்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

வழக்கமாக உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்பவர்கள் கையில் அடிபட்டால் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர், முழுவதும் குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பயிற்சியை அடியோடு கைவிடுகின்றனர். வேறு சிலர், தொடர்ந்து செய்தால் வலி தானே சரியாகிவிடும் என்று பழைய எடையையே தூக்குகின்றனர். இரண்டுமே இழப்பில் முடியக்கூடியவை.

ஒரு கிலோவில் நழுவிய தங்கம்

காயத்தோடு எடை தூக்குவதன் விலையை 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நாடே பார்த்தது. மகாராஷ்டிர மாநிலம் சாங்லியைச் சேர்ந்த சங்கேத் சர்கார், 55 கிலோ பளுதூக்குதல் பிரிவில் ஸ்னாட்ச் முறையில் 113 கிலோவும், கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 135 கிலோவும் தூக்கியிருந்தார். அடுத்து 139 கிலோவைத் தூக்க முயன்றபோது வலது முழங்கையில் காயம் ஏற்பட்டது. வலியைப் பொருட்படுத்தாமல் மீண்டும் ஒருமுறை முயன்றும் அவரால் இயலவில்லை. மலேசிய வீரர் அனிக் கஸ்தான் மொத்தம் 249 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். சங்கேத் தூக்கியது 248 கிலோ.

சர்வதேச மேடையில் பதக்கத்திற்காக ஒரு வீரர் எடுக்கும் முடிவு வேறு. மாலையில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்யும் அலுவலக ஊழியருக்கோ கல்லூரி மாணவருக்கோ அந்த நெருக்கடி எதுவும் இல்லை. காயம்பட்ட மூட்டில் இன்னொரு முறை முயன்று பார்ப்பதால் அவர்களுக்குக் கிடைப்பது எதுவுமில்லை. இழப்பதற்கோ நிறைய இருக்கிறது.

முதல் வேலை: காயம் எது என அறிவது

தசைப்பிடிப்பு, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் ஏற்படும் தேய்மானம், எலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் தசைநாரில் கிழிசல், எலும்பு முறிவு, நரம்பு அழுத்தம் ஆகிய அனைத்தும் கைவலி என்ற ஒரே பெயரில்தான் வெளிப்படுகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் ஓய்வும் பயிற்சியும் வேறு வேறு. எனவே எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்பு, என்ன நேர்ந்திருக்கிறது என்பதை எலும்பியல் மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தின் பயிற்சியாளர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அவர் மருத்துவர் அல்லர்.

சில அறிகுறிகள் தென்பட்டால் தாமதிக்கவே கூடாது. எடை தூக்கும்போது படீரென்ற சத்தம் கேட்டு மேற்கையின் தசை உருண்டு திரள்வது, கையின் வடிவம் மாறியிருப்பது, விரல்கள் மரத்துப்போவது, கையை உயர்த்தவே முடியாமல் போவது, உறக்கத்தைக் கலைக்கும் அளவுக்கு இரவில் வலிப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மாவுக்கட்டு போட்ட பின் விரல்கள் நீலம் பூத்து, அவற்றை நீட்டும்போது தாங்கமுடியாத வலி ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டின் இறுக்கத்தால் இரத்த ஓட்டம் தடைபடுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். இடது கையில் வலியுடன் நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால், அதைப் பயிற்சியால் வந்த தசைவலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும்.

நாடெங்கும் பரவலாகக் காணப்படும் இன்னொரு வழக்கம், அடிபட்ட உடனே எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிடுவது. முழங்கையைப் பொறுத்தவரை இது ஆபத்தானது. காயமடைந்த முழங்கையைப் பலமாகத் தேய்த்து நீவும்போது, தசைக்குள் எலும்பு போன்ற கடினத் திசு வளர்ந்து, மூட்டு நிரந்தரமாக இறுகிப்போகும் வாய்ப்பு உண்டு என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

கால்களுக்கு விடுமுறை தேவையில்லை

காயத்தின் தன்மை தெரிந்துவிட்டால், அடுத்த கேள்வி எதைத் தொடரலாம் என்பது. கோலாப்பூரின் தாலீம்களிலும் ஹரியானாவின் அகாடாக்களிலும் மல்யுத்த வீரர்களின் அன்றாடப் பயிற்சிக்கு இரண்டு தூண்கள்: தண்டால், பஸ்கி. முதலாவது கையையும் தோளையும் சார்ந்தது. இரண்டாவது முழுக்க முழுக்கக் காலையும் இடுப்பையும் சார்ந்தது. இந்தப் பழைய பகுப்பே கையில் காயம்பட்டவருக்கும் வழிகாட்டுகிறது. தண்டால் நிற்கலாம், பஸ்கி நிற்க வேண்டியதில்லை.

உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும்தான் உள்ளன. பார்பெல்லைத் தோளில் சுமந்து அமர்ந்து எழுவதற்கு (ஸ்குவாட்) மணிக்கட்டும் தோள்மூட்டும் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதால், அதற்குப் பதிலாக லெக் பிரஸ் இயந்திரத்தைப் பயன்படுத்தலாம். எடை வைத்த மேலங்கியை அணிந்து பஸ்கி எடுக்கலாம். கால் நீட்டும், மடக்கும் இயந்திரங்களில் கைக்கு வேலையே இல்லை. நலமாக உள்ள கையில் மட்டும் டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்வைத்து இறங்கி எழும் பயிற்சியையும் செய்யலாம். ஒரு பக்கம் மட்டும் எடையைச் சுமக்கும்போது உடல் சாயாமல் நிமிர்ந்து நிற்க வயிற்றின் பக்கவாட்டுத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன என்பது இதில் கிடைக்கும் உபரிப் பலன்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பவர் தடுமாறினால் ஊன்றிக்கொள்ள ஒரு கைதான் இருக்கும். ஆகவே உயரமான பலகையில் ஏறி இறங்குவது, டிரெட்மில்லில் வேகமாக ஓடுவது, குதிப்பது போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். நிலையான சைக்கிளும் சமதரையில் விறுவிறுப்பான நடையும் பாதுகாப்பானவை. பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பிலும், குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியிலும் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு கை ஓய்வில் இருக்கும்போதும் பலரால் இந்த அளவை எட்ட முடியும்.

நலமான கை செய்யும் உதவி

ஒரு கையை மட்டும் பயிற்றுவித்தால் உடல் ஒருபக்கமாகப் பெருத்துவிடும் என்ற அச்சத்தில் பலர் இரண்டு கைகளுக்கும் ஓய்வு கொடுத்துவிடுகின்றனர். ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. ஒரு கைக்குக் கொடுக்கும் வலிமைப் பயிற்சி, பயிற்சியே பெறாத மறுகையின் வலிமையையும் ஓரளவு உயர்த்துகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1894ஆம் ஆண்டிலேயே இதைப் பதிவு செய்தனர். பின்னர் வெளியான பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாத பக்கத்தின் வலிமை சராசரியாக 8 முதல் 12 சதவீதம் வரை கூடியது தெரியவந்தது.

இதற்குக் காரணம் தசை வளர்ச்சி அன்று, நரம்பு மண்டலம். எடை தூக்குவது தசையின் வேலை மட்டுமல்ல. எந்தத் தசை இழைகளை, எவ்வளவு வேகத்தில், எத்தனை எண்ணிக்கையில் இயக்குவது என மூளையும் தண்டுவடமும் கற்றுக்கொள்ளும் திறனும் அதில் அடங்கியிருக்கிறது. ஒரு கைக்காகக் கற்ற அந்தத் திறனின் ஒரு பகுதி மறுகைக்கும் போய்ச் சேர்கிறது.

காயம்பட்டவர்களுக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. மாவுக்கட்டில் இருக்கும் கை சில வாரங்களிலேயே மெலிந்து வலுவிழப்பது கண்கூடு. கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், முன்கை மூன்று வாரம் அசையாமல் கட்டப்பட்டிருந்தவர்களில் மறுகைக்குப் பயிற்சி செய்தவர்கள் கட்டப்பட்ட கையின் வலிமையைப் பெருமளவு தக்கவைத்துக்கொண்டனர். பயிற்சி செய்யாதவர்கள் அதை இழந்தனர். மணிக்கட்டு எலும்பு முறிந்த, 50 வயதைக் கடந்த பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்விலும் முறியாத கைக்குப் பயிற்சி அளித்தது முறிந்த கை தேறும் காலத்தில் உதவியது. இரு கைகளுக்கும் இடையே ஏற்படும் சிறு வித்தியாசத்தைப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம். முழுவதும் இழந்த வலிமையை மீட்க அதைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

எந்த இடத்தில் வலி, என்ன மாற்றம்?

காயம்பட்ட கையையே இலேசாகப் பயன்படுத்த மருத்துவர் அனுமதித்த பிறகு, அதே பயிற்சியை வேறு பிடியிலோ வேறு கோணத்திலோ செய்வதன் மூலம் வலியைக் கணிசமாகக் குறைக்க முடியும்.

மணிக்கட்டு: தண்டால் எடுக்கும்போது உள்ளங்கை தரையில் பதிந்து, மணிக்கட்டு ஏறக்குறைய செங்கோணத்தில் பின்னோக்கி வளைகிறது. கைப்பிடிகளையோ, உருளாத டம்பெல்களையோ பற்றிக்கொண்டு செய்தால் மணிக்கட்டு நேராக இருக்கும். சுவரிலோ உயரமான மேசையிலோ கையூன்றிச் செய்தால் சுமையும் குறையும்.

முழங்கையின் வெளிப்புறம்: ‘டென்னிஸ் எல்போ’ எனப்படும் இந்தப் பாதிப்புக்கு டென்னிஸ் ஆடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. துணி பிழிவது, சப்பாத்தி தேய்ப்பது, ஸ்குரூடிரைவர் திருகுவது எனப் பிடியை இறுக்கும் எந்த வேலையாலும் அது வரலாம். உள்ளங்கை கீழ்நோக்கிய நிலையில் எடை தூக்குவது வலியைக் கூட்டும். கட்டைவிரல் மேல்நோக்கியிருக்கும் பிடியில் தூக்கினால் வலி குறையும். எடையைத் தன்பக்கம் இழுக்கும் பயிற்சிகளில் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி எடையோடு பிணைத்துக்கொண்டால் பிடியின் இறுக்கம் தளரும். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, சிறிய டம்பெல்லை மணிக்கட்டால் மெதுவாக இறக்கி, மறுகையின் உதவியால் மேலே கொண்டுவருவது இயன்முறை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் எளிய பயிற்சி. சச்சின் டெண்டுல்கரின் ஆட்டத்தை நிறுத்திவைத்ததும் இதே பாதிப்புதான். 2005ஆம் ஆண்டு முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் தமது 35ஆவது டெஸ்ட் சதத்தை அடித்தார். ஆனால் பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சையின்றியே ஓராண்டுக்குள் இது குணமாகிவிடுகிறது.

தோள்: பெஞ்ச் பிரஸ் செய்யும்போது முழங்கைகளை உடலிலிருந்து செங்கோணத்தில் விரிக்காமல் பாதியளவுக்கு ஒடுக்கிவைத்தால் தோள்மூட்டின் அழுத்தம் குறையும். தரையில் படுத்துச் செய்தால் முழங்கை ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. தலைக்கு நேர் மேலே தூக்குவதற்குப் பதிலாக, பார்பெல்லின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைச் சாய்வாக முன்னோக்கித் தள்ளலாம். கழுத்துக்குப் பின்புறமாக எடையை இறக்கும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது.

முழங்கையின் முன்புறம்: டெட்லிஃப்ட் செய்வோர் ஒரு கையை மேலாகவும் மறுகையைக் கீழாகவும் வைத்துப் பிடிப்பது வழக்கம். இந்தப் பிடியில் உள்ளங்கை முன்னோக்கியிருக்கும் கையின் பைசெப்ஸ் தசைநாண் அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். நடுத்தர வயது ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. முழுவதும் அறுந்திருந்தால், முதல் சில வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே எளிது. தாமதிக்கத் தாமதிக்கத் தசை சுருங்கி, சிகிச்சை கடினமாகும்.

வலியை அளப்பது எப்படி?

வலியே இல்லாமல் மீள வேண்டும் என்று எதிர்பார்ப்பது பல நேரங்களில் நடைமுறைக்கு ஒத்துவராது. குறிப்பாகத் தசைநாண் பாதிப்புகளில் அளவான சுமைதான் மருந்து. அதனால் இயன்முறை மருத்துவர்கள் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கச் சொல்கின்றனர். பயிற்சியின்போது 3 வரையிலான வலியைப் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் எடையையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான சோதனை மறுநாள் காலையில் நடக்கிறது. முந்தைய நாளின் வலி 24 மணி நேரத்திற்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் கொடுத்த சுமை சரியானது. காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது வலி கூடியிருந்தால், முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள். எலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் இந்த விதி பொருந்தாது. அங்கே வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன காலக்கெடு முடியும்வரை சுமை கூடாது.

மீண்டும் எடையைத் தூக்கும் படிகள்

முதல் படி, மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்குவது. சுவரையோ மேசையையோ மிதமாக அழுத்தி, 30 முதல் 45 விநாடிகள் வரை, மூச்சை அடக்காமல் சில முறை செய்யலாம். இரண்டாவது படி, வலியின்றி மூட்டை முழு வீச்சில் அசைப்பது. மூன்றாவது, குறைந்த எடையை மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்குவது. நான்காவது படியில்தான் பழைய பயிற்சிகள் திரும்புகின்றன. வேகமாகத் தூக்குவது, எறிவது, தொங்குவது ஆகியவை கடைசியில் வர வேண்டும்.

எடை, எண்ணிக்கை, வேகம் ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கூட்டுவது பாதுகாப்பானது. மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டினால், வலி திரும்பும்போது காரணம் எது என்றே தெரியாமல் போகும். பிடிவலிமையை அளக்கும் கருவியில் இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயனளிக்கும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பொதுவாக வலது கையின் பிடி சுமார் 10 சதவீதம் கூடுதலாக இருக்கும் என்பதை அப்போது கணக்கில் கொள்ள வேண்டும்.

ஊசியும் உணவும்

விரைவில் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் சிலர் வலி நிவாரணிகளை விழுங்கிவிட்டு எடை தூக்குகின்றனர். இது வலி தரும் எச்சரிக்கையை அணைத்துவிடுகிறது. டென்னிஸ் எல்போவுக்குப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களில் நல்ல நிவாரணம் அளித்தாலும், ஓராண்டின் முடிவில் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதவர்களே மேலான நிலையில் இருந்தனர் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. போட்டிகளில் பங்கேற்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 ஜனவரி முதல், இத்தகைய ஊசிகள் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளன.

பயிற்சி குறைந்துவிட்டதே என்று உணவைப் பாதியாகக் குறைப்பதும் தவறு. காயம் ஆறவும், தசை கரையாமல் இருக்கவும் புரதம் தேவை. ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பரிந்துரை. வலிமைப் பயிற்சி செய்வோருக்கும் 1.6 கிராமுக்கு மேல் எடுப்பதால் கூடுதல் பலன் இல்லை என 2024ஆம் ஆண்டு வெளியான உணவு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பருப்பு, பால், தயிர், முட்டை, மீன், சோயா ஆகியவற்றிலிருந்தே இதைப் பெற முடியும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வீட்டுச் சுமையும் கணக்கில் உண்டு

உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு கிலோ டம்பெல்லைக் கவனமாகத் தூக்கிவிட்டு, வீட்டிற்கு வந்ததும் 20 லிட்டர் தண்ணீர் கேனை அதே கையால் தூக்கினால் பயனில்லை. 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய சமையல் சிலிண்டரின் மொத்த எடை, உருளையின் எடையையும் சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ. ஈரத்துணி பிழிவதும், குழந்தையை ஒரே கையில் சுமப்பதும், நெரிசலில் இருசக்கர வாகனத்தின் கிளட்சைத் திரும்பத் திரும்ப அழுத்துவதும் காயத்தின் கணக்கில் சேரும் சுமைகளே. குணமாகும்வரை இவற்றையும் பிறரோடு பகிர்ந்துகொள்வது சிகிச்சையின் ஒரு பகுதிதான். குறிப்பாக, வீட்டு வேலைக்கு விடுப்பே இல்லாத பெண்களின் விஷயத்தில் குடும்பத்தினர் இதை உணர வேண்டும்.

நீரஜ் சோப்ரா 2019இல் இழந்தது ஓர் உலக சாம்பியன்ஷிப். 2021 ஆகஸ்ட் 7 அன்று, அறுவை சிகிச்சை செய்யப்பட்ட அதே கையால் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து, தடகளத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். காயம்பட்ட கைக்கு அன்று தேவைப்பட்டது அவகாசம். உடலின் மற்ற பகுதிகளுக்கு அந்த அவகாசத்திலும் வேலை உண்டு.